பாட்டுத் திரட்டின் கதை

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதை வாளையாற்றைக் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருங்கணவாய் வழியே இறங்கும் இடத்தில் கஞ்சிக்கோடு என்னும் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் நெல்வயலும் பனைமரமுமாகக் கிடந்த இவ்வட்டாரம் இன்று தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியாக விளங்குகிறது. இங்குள்ள கடைத்தெருவில் தமிழில் தொடங்கும் பேச்சு மலையாளத்தில் முடியும். மலையாளத்தில் தொடங்கும் பேரம் தமிழில் படியும். இவ்வூரை அடுத்து எலப்புள்ளி என்னும் சிற்றூர் உண்டு. 1928ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 24ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த அச்சிற்றூரில் பிறந்தவரே, பின்னாளில் ‘மெல்லிசை மன்னர்’ எனத் தமிழுலகம் போற்றிய எம். எஸ். விசுவநாதன் ஆவார்.

எம் இளமைப் பருவத்தில் கஞ்சிக்கோட்டில் இருந்த மாமா வீட்டில் ஓர் ஒலிநாடாப் பேழை இருந்தது. விசுவநாதனின் புகழ்பெற்ற பாடல்களைத் திரட்டி வெளியிடப்பட்டது அது. மேலட்டையில் அவருடைய படம்; உட்புறத்தில் பாடல்களின் முதலடிகள்; அவற்றுக்கு எதிரே பாடகர் பெயர்கள். அவ்வளவே. பாட்டை எழுதியவர் யார் என்பது அதில் இல்லை. அத்திரட்டில் இருந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை டி. கே. இராமமூர்த்தியுடன் சேர்ந்து அமைக்கப்பட்டவை; அவர் பெயரும் இல்லை. மாமா அந்த அட்டையை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே, எறும்பு ஊர்வது போன்ற சிறிய எழுத்தில் விடுபட்ட பெயர்களை மையினால் எழுதிச் சேர்த்திருந்தார். “பாட்டு கேட்டால் போதாதா மாமா, பெயர் எதற்கு?” என்று நாம் கேட்டதுண்டு. “பெயர் இல்லாமல் கேட்டால் அது கடன் வாங்கிய சாப்பாடுடா” என்பது அவருடைய விடை.

அவ்விடையின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை. பிற்காலத்தில் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்து, எம் பெயர் தாங்காத பக்கங்களை ஆண்டாண்டாக எழுதி வரும்போது அது சற்றே விளங்கத் தொடங்கிற்று. ஒரு கலைஞரின் சிறந்த பாடல்களைத் தேர்ந்தெடுத்து ஒரே இசைத்தட்டிலோ நாடாவிலோ தருகின்ற வழக்கம் எவ்வாறு தோன்றியது, அது யாருடைய பெயரைக் காத்தது, யாருடைய பெயரை மறைத்தது என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொகுத்தல் என்பது தமிழர்க்குப் புதிய தொழிலன்று. நம் கைக்குக் கிடைத்துள்ள சங்க இலக்கியம் பெரும்பாலும் தொகை நூல்களாகவே கிடைத்துள்ளது. பல ஊர்களில், பல காலங்களில், பல புலவர் பாடிய தனிப்பாட்டுகளைப் பிற்காலத்தார் ஒருவர் தேடி எடுத்து, அடி அளவும் திணையும் நோக்கி வரிசைப்படுத்தினார். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவனோ யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர மன்னன்.

இத்தொகுப்பாளர்கள் செய்த ஓர் அரிய செயலை நாம் மறத்தலாகாது. பாட்டு கிடைத்து, பாடியவர் பெயர் கிடைக்காத இடங்களில், அப்பாட்டிலேயே சிறந்து நின்ற ஒரு தொடரை எடுத்து அதையே புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார், மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார் ஆகிய பெயர்கள் இவ்வாறு வந்தவையே. தாய் தந்தையர் இட்ட பெயர் அழிந்துவிட்டது; ஆயினும் பாட்டு அநாதையாக நிற்கவில்லை. ஒருவர் இதைப் பாடினார் என்னும் செய்தியையேனும் காத்துத் தரவேண்டும் என்ற பொறுப்பு அத்தொகுப்பாளர் நெஞ்சில் இருந்திருக்கிறது.

திரட்டின் பயனுக்கு மற்றுமொரு சான்று புறத்திரட்டு. பழைய நூல்கள் பலவற்றிலிருந்து பாடல்களைத் தேர்ந்து பொருள்வாரியாக அடுக்கிய நூல் அது. முத்தொள்ளாயிரம் என்னும் நூல் முழுமையாக இன்று இல்லை. அதிலிருந்து நமக்கு எஞ்சியுள்ள நூற்றுச்சொச்சம் வெண்பாக்கள் புறத்திரட்டு அளித்த கொடை. ஆனால் அதே நிகழ்ச்சியில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. திரட்டில் ஏறிய பாடல்கள் பிழைத்தன. ஏறாத பாடல்கள் மறைந்தன. திரட்டுகின்றவன் காப்பவன் மட்டுமல்லன். எது வாழும், எது வாழாது என்பதைத் தீர்ப்பவனும் அவனே.

இனி, ஏட்டை விட்டு இசைத்தட்டுக்கு வருவோம். 1902ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் பிரெடரிக் கைஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகர்களின் குரலைப் பதிவு செய்தார். அவ்வாறு முதன்முதல் பாடியவர்களுள் புகழ் மிக்கவர் கௌஹர் ஜான் என்னும் அம்மையார். அவர் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஆங்கிலத்தில் தம் பெயரை உரக்கச் சொல்லி முடிப்பார். பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்று அங்கே தட்டுகளாக அச்சாகி வரவேண்டியிருந்தன. அங்குள்ள தொழிலாளர்க்கு நம் மொழி தெரியாது. எந்தத் தட்டில் எந்தப் பெயர்ச்சீட்டை ஒட்டுவது என அவர்கள் அறிவதற்காகவே இந்த ஏற்பாடு என்பர். பாட்டோடு பெயரையும் பள்ளத்திலேயே பொறித்துவிட்டமையால், சீட்டு கிழிந்து போனாலும் பெயர் கிழியவில்லை.

அக்காலத்துத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. அரக்கு கலந்து செய்யப்பட்டது. அந்த அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளிலிருந்தே உலகெங்கும் சென்றது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிடம் பாடலாம். பாட்டு நீண்டால் மறுபக்கம் திருப்பித்தான் கேட்கவேண்டும். பல பாட்டுகளை ஒன்றாகக் கொடுக்க விரும்பினால், தனித்தனித் தட்டுகளை உறைகளில் இட்டு, படத்தொகுப்பு ஏடு போலக் கட்டி விற்றனர். ‘ஆல்பம்’ என்னும் பெயர் இசைக்கு வந்த வரலாறு இதுவே.

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 33 1/3 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலும் இசை அடங்கும். ஆறு பாட்டு ஒரு பக்கம், ஆறு பாட்டு மறுபக்கம் எனப் பன்னிரண்டு பாட்டு ஒரே தட்டில் ஏறும் நிலை உண்டாயிற்று. திரட்டுக்கு ஏற்ற கலம் இப்போதுதான் கிடைத்தது எனலாம். 1958இல் ஜானி மாத்திஸ் என்னும் அமெரிக்கப் பாடகரின் வெற்றிப் பாடல்களைத் திரட்டி அதே நிறுவனம் ஒரு நெடுந்தட்டை வெளியிட்டது. முன்பே தனித்தனித் தட்டுகளாக விற்றுப்போன பாட்டுகளை மீண்டும் யார் வாங்குவர் என்று ஐயுற்றவர்க்கு அது தக்க விடை கூறிற்று: விற்பனைப் பட்டியலில் 490 வாரங்கள், அதாவது ஒன்பதாண்டுகளுக்கு மேல், அது இடம்பெற்றிருந்தது. 1967இல் பாப் டிலனின் திரட்டு வந்தது. 1976இல் ஈகிள்ஸ் என்னும் குழுவினரின் திரட்டு வந்து, விற்பனையில் உலகம் வியக்கும் அளவை எட்டிற்று. பழைய பாட்டைப் புதிய சரக்காக்கும் வித்தையை வணிகர் நன்கு கற்றுக்கொண்டனர்.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். டிலனைப் போன்றோர் தாமே எழுதி, தாமே இசையமைத்து, தாமே பாடுபவர்கள். அவர்கள் பெயரால் ஒரு திரட்டு வெளிவந்தால், அந்தப் பெயருக்குள் பாட்டின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. நம் நாட்டிலும் இம்மரபு உண்டு. சொல்லையும் இசையையும் ஒருங்கே படைப்பவரை வாக்கேயகாரர் என்று இசையுலகம் அழைக்கிறது. தேவாரம் பாடிய மூவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார் என அந்த வரிசை நீளும். திரைப்படத்துக்குள்ளும் பாபநாசம் சிவன் பாட்டும் மெட்டும் தாமே அமைத்து அம்மரபை நீட்டித்தார்.

ஆனால் 1950க்குப் பின் வளர்ந்த தமிழ்த் திரையிசையில் வேலை பலராகப் பிரிந்துவிட்டது. கதைக்குரிய சூழ்நிலையை இயக்குநர் கூறுவார், மெட்டை ஒருவர் அமைப்பார், சொல்லை ஒருவர் எழுதுவார், வேறொருவர் பாடுவார், பாடுவது போல நடிப்பவர் மற்றொருவர், குழலும் வயலினும் முழவும் இசைப்போர் திரைக்குப் பின்னால் பலர். 1964இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடமே காட்சியாக வருகிறது. விசுவநாதன் கையசைத்து நடத்த, டி. எம். சௌந்தரராசன் ஒலிவாங்கியின் முன் நின்று பாட, வாத்தியக்காரர்கள் வரிசையாக அமர்ந்து இசைக்கின்றனர். ஒரு பாட்டுக்குப் பின்னே எத்தனை கைகள் உள்ளன என்பதை மக்கள் கண்ணாரக் கண்ட அரிய காட்சி அது. இத்தனை பேர் சேர்ந்து சமைத்த பாட்டுக்குத் திரட்டின் மேலட்டையில் யார் பெயரை இடுவது?

இவ்வினா விசுவநாதனின் வாழ்க்கையிலேயே தொடக்கமுதல் பின்னிக் கிடப்பதைக் காண்கிறோம். நான்கு வயதில் தந்தையை இழந்த அவர், கண்ணூரில் சிறைச்சாலை அலுவலராக இருந்த பாட்டனாரின் நிழலில் வளர்ந்தார். அங்கே நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்று, பதின்மூன்றாம் வயதில் மேடையேறினார். பிறகு ஜூபிடர் படநிறுவனத்தில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே, கோவையில் எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசைக்குழுவை அண்டி நின்றார். அந்நாளில் ஒரு படத்துக்கு நாயுடு மெட்டுத் தேடித் திணறியபோது, அவர் இல்லாத வேளையில் ஆர்மோனியத்தைத் தொட்டு ஒரு மெட்டை இளைஞர் விசுவநாதன் அமைத்தார். அதைக் கேட்ட நாயுடு மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். ஆனால் யார் அமைத்தது என்பதை வெளியே சொல்லவேண்டாம் என்று கூறினார். சிறுவனுடைய மெட்டு என்று தெரிந்தால் அதனை மதியாமல் தள்ளிவிடுவார்களே என்பது அவர் அச்சம். பாட்டு நாயுடுவின் பெயரிலேயே வெளிவந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. ஜூபிடர் நிறுவனம் கோவையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தபோது ஊழியர் பலர் நீக்கப்பட்டனர். அவ்வேளையில் நாயுடு நிறுவனத்தாரிடம் சென்று, அந்த மெட்டுகள் இந்த இளைஞன் அமைத்தவை, இவனைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று உண்மையை உடைத்துரைத்தார். மறைத்த பெயரை மறைத்தவரே மீட்டுக் கொடுத்த இந்நிகழ்ச்சியை விசுவநாதன் பின்னாளில் மேடைதோறும் நன்றியுடன் நினைவுகூர்ந்து வந்தார்.

சென்னையில் சி. ஆர். சுப்பராமனின் குழுவில் விசுவநாதனும் வயலின் கலைஞர் இராமமூர்த்தியும் உடன் பணியாற்றினர். 1952இல் சுப்பராமன் இளவயதில் மறைந்தபோது, அவர் விட்டுச் சென்ற படங்களின் இசைப்பணியை முடித்துக் கொடுத்தவர்களுள் இவ்விருவரும் இருந்தனர். அதே ஆண்டில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தம் ‘பணம்’ படத்துக்கு இருவரையும் இரட்டை இசையமைப்பாளராக்கினார். இராமமூர்த்தி 1922இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். விசுவநாதனுக்கு ஆறாண்டு மூத்தவர். ஆகவே தம் பெயர் முன்னே வரவேண்டும் என்று அவர் எண்ணியது இயல்பே. பெரியவர் பின்னே நின்று சிறியவரைத் தாங்கிப் பிடிக்கட்டும் என்று கலைவாணர் சமாதானம் கூறி, ‘விசுவநாதன் – இராமமூர்த்தி’ என வரிசையை வகுத்தார் என்று சொல்வதுண்டு.

பதின்மூன்று ஆண்டுகள் அவ்விரட்டைப் பெயர் தமிழிசை வானில் ஒளிவிட்டது. ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்றும் 1961 என்னும் ஒரே ஆண்டில் வந்தவை. 1964இல் ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’ என ஒன்றுக்கொன்று சற்றும் ஒவ்வாத இசைக்கோலங்கள் அதே இருவர் கையிலிருந்து பிறந்தன. வடநாட்டு இராகங்களும் மேனாட்டு நடன இசையும் நாட்டுப்புற மெட்டும் அவர்களிடத்தில் ஒன்றோடொன்று மணந்து கொண்டன. மங்களமூர்த்தியின் அக்கார்டியனும், நஞ்சப்பாவின் குழலும், சத்தியத்தின் ஷெனாயும் அப்பாடல்களில் குரலுக்கு இணையாகப் பேசின. 1963இல் சென்னையில் நடந்த விழாவில் இருவருக்கும் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் சூட்டப்பெற்றது.

1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துடன் இருவரும் பிரிந்தனர். விசுவநாதன் தனியே நின்று புகழின் உச்சியை எட்டினார்; இராமமூர்த்திக்குக் கிட்டிய படங்கள் சிலவே. பட்டத்தின் பன்மை விகுதி மெல்ல உதிர்ந்து, ‘மெல்லிசை மன்னர்’ என ஒருமையாயிற்று. அதனுடன், சேர்ந்து அமைத்த பாட்டுகளையும் மக்கள் ஒருவர் பெயராலேயே வழங்கத் தலைப்பட்டனர். பகை கொண்டு யாரும் இவ்வாறு செய்தாரில்லை. பேச்சுக்கு ஒரு பெயர் எளிது, இரண்டு பெயர் சுமை. அட்டையில் இடமும் குறைவு. பெயர்கள் பெரும்பாலும் இவ்வாறே அழிகின்றன. முப்பதாண்டுகளுக்குப் பின் 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக இருவரும் மீண்டும் ஒருமுறை கைகோத்தனர். இராமமூர்த்தி 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாளிலும், விசுவநாதன் 2015ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாளிலும் மறைந்தனர்.

இப்பாடல்களை வீடுதோறும் கொண்டு சேர்த்ததில் வானொலிக்குள்ள பங்கையும் கூறவேண்டும். 1952இல் நம் நாட்டுச் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தில் பெரும்பற்றுடையவர். திரைப்பாடல்களுக்கான நேரத்தை அவர் பெரிதும் குறைத்தார். நேயர்கள் தம் பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பினர். இலங்கை வானொலி கிடைத்தது. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரலில் தமிழ்த் திரைப்பாடல்கள் கடல் கடந்து வந்தன. 1957ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பெற்ற பின்னரே திரைப்பாடல்களுக்கு நம் வானொலியில் தக்க இடம் அமைந்தது. பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் திருச்சிராப்பள்ளி ஒலியும், 1950இல் தொடங்கிய கோழிக்கோட்டு நிலையத்து ஒலியும், 1966இல் தொடங்கிய கோவை நிலையத்து ஒலியும், அவற்றுக்கிடையே இலங்கையின் ஒலியும் மாறிமாறிக் கேட்டன.

நேயர் விருப்பம் என்னும் நிகழ்ச்சி உண்மையில் நேயர்களே தொகுத்த ஒரு திரட்டு. அஞ்சலட்டையில் பாட்டைக் குறித்து அனுப்பினால், விரும்பிக் கேட்டவர் பெயர்களை அறிவிப்பாளர் ஒவ்வொன்றாக வாசிப்பார். அதனுடன் படத்தின் பெயர், பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லிப் பாட்டை விடும் நல்வழக்கமும் வானொலியில் வேரூன்றியது. எழுத்தறியாத மூதாட்டிக்கும் கண்ணதாசன் என்ற பெயரும், விசுவநாதன் – இராமமூர்த்தி என்ற பெயரும் தெரிந்திருந்தமைக்கு இதுவே காரணம். கௌஹர் ஜான் பாட்டின் இறுதியில் செய்ததை வானொலி பாட்டின் முதலில் செய்தது.

பின்னர் நெடுந்தட்டுகள் நம் நாட்டிலும் பெருகின. அவற்றை அடுத்து ஒலிநாடா வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய சிறு நாடாப் பேழை, 1980களில் நம் சிற்றூர்களையும் எட்டிற்று. நகரத்துத் தெருக்களில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடைகள் தோன்றின. விருப்பமான பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், வெற்று நாடாவில் அவற்றைப் பதிந்து இரண்டொரு நாளில் தருவார்கள். அறுபது நிமிட நாடாவில் பதினான்கு பாட்டு, தொண்ணூறு நிமிட நாடாவில் இருபது பாட்டு எனக் கணக்கிட்டு மக்கள் பட்டியல் எழுதினர். பூரிக்கோ செய்த வேலையைக் குடிமக்கள் ஒவ்வொருவரும் செய்யலாயினர் எனின் அது மிகையாகாது. ஆனால் நாடாவின் மேல் எழுதப்பட்டதோ ‘சோகப் பாடல்கள்’, ‘காதல் பாடல்கள்’ என்பன மட்டுமே.

நிறுவனங்கள் வெளியிட்ட திரட்டுகளில் நிலைமை இன்னும் விந்தையானது. ஒரே பாட்டு நான்கு திரட்டுகளில் நான்கு பேருக்கு உரியதாகத் தோன்றிற்று. நடித்தவர் பெயரால் ஒரு திரட்டு. அதில் அது எம். ஜி. ஆர். பாட்டு அல்லது சிவாஜி பாட்டு. பாடியவர் பெயரால் ஒரு திரட்டு. அதில் அது சௌந்தரராசன் பாட்டு அல்லது சுசீலா பாட்டு. எழுதியவர் பெயரால் ஒன்று. அதில் கண்ணதாசன் பாட்டு அல்லது வாலி பாட்டு. இசையமைத்தவர் பெயரால் வந்த திரட்டில்தான் அது விசுவநாதன் பாட்டு. நான்கும் பொய்யில்லை, நான்கில் எதுவும் முழு மெய்யுமில்லை.

பெயரின் பின்னே பொருளும் உண்டு என்பதைச் சட்ட வரலாறு காட்டுகிறது. 1957இல் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பெற்றது. பாட்டு எழுதுவோர், இசையமைப்போர் ஆகியோரின் உரிமைக்காக 1969இல் ஒரு சங்கம் அமைந்து, திரைப்படத் தயாரிப்பாளர்களுடன் வழக்காடியது. 1977இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, கூலி கொடுத்துப் பாட்டை எழுதுவித்த தயாரிப்பாளரே அதற்கு முதல் உரிமையாளர் என்று கூறிற்று. அத்தீர்ப்பில் தனியே ஒரு குறிப்பை எழுதிச் சேர்த்தவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், அவரும் பாலக்காட்டில் பிறந்தவரே. நம் நாட்டு இசையில் பாடுபவரின் பங்கு பெரிது. சட்டமோ அவர்க்கு உரிமை எதையும் வழங்கவில்லை. இக்குறையை நாடாளுமன்றம் கருதிப் பார்த்தல் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். 1994இல் பாடுவோர்க்குச் சட்டத்தில் தனி உரிமை கிடைத்தது. 2012இல் செய்த திருத்தத்தால், பாட்டின் சொல்லையும் இசையையும் படைத்தோர் தம் பங்குத் தொகையை முற்றாக விட்டுக்கொடுக்கும்படி எழுதி வாங்க இயலாது என்னும் நிலை ஏற்பட்டது.

காலக்கணக்கு ஒன்றையும் இங்கே கூறலாம். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்குரிய உரிமை, வெளியிட்ட ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. 1961இல் வெளிவந்த பாட்டின் பழைய பதிவை இன்று யாரும் திரட்டில் சேர்க்கலாம். ஆனால் அதன் இசைக்குரிய உரிமை, படைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டு. இருவர் சேர்ந்து படைத்ததாயின், இறுதியாக மறைந்தவரைக் கொண்டே கணக்கு. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கேனும் விசுவநாதனும் இராமமூர்த்தியும் இன்னும் பிரியவில்லை.

விசுவநாதன் தாமே பாடகருமாவார் என்பதையும் திரட்டுகள் பலகாலம் பின்தள்ளின. அவர் குரல் இழைத்த குரலன்று. ஏக்கமும் வேகமும் நிறைந்த, தொலைவிலிருந்து அழைப்பது போன்ற குரல். ‘முகமது பின் துக்ளக்’, ‘நினைத்தாலே இனிக்கும்’ முதலிய படங்களில் அதனைத் தமிழர் கேட்டனர். 1973இல் வந்த ‘பணி தீராத்த வீடு’ என்னும் மலையாளப் படத்தில், வயலார் இராமவர்மாவின் பாட்டு ஒன்றைத் தாமே பாடினார். மலையாளிகள் அவரை நினைக்குந்தோறும் அப்பாட்டையே முதலில் நினைக்கின்றனர். தமிழ்த் திரட்டில் அதற்கு இடமில்லை. மலையாளத் திரட்டில் அவருடைய தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லை. வாளையாற்றில் இரு மாநிலங்களின் எல்லை இருப்பது போல, திரட்டுகளுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கஞ்சிக்கோட்டுக் கடைத்தெருவில் மட்டும் இரண்டும் கலந்து ஒலித்ததை நாம் கேட்டிருக்கிறோம். முதுமையில் அவர் குரல் மற்றொரு தலைமுறைக்கும் பயன்பட்டது. ஏ. ஆர். இரகுமான் இசையில் 2002இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில், தாயகத்தை விட்டுப் பெயரும் இலங்கைத் தமிழரின் துயரை அக்குரல் சுமந்தது.

இறுதியாக ஒன்று. விசுவநாதன் அமைத்த மெட்டுகளுள் மிகுதியான வாய்கள் பாடியது எது என்று கேட்டால், வெற்றிப் பாடல் திரட்டு எதிலும் தேடிப் பயனில்லை. 1970இல் அவர் மோகன இராகத்தில் அமைத்துத் தந்த தமிழ்த்தாய் வாழ்த்தே அது. தமிழ்நாட்டின் பள்ளிகளில் ஒவ்வொரு காலையிலும் இலட்சக்கணக்கான சிறுவர் அதைப் பாடுகின்றனர். 2021இல் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பெற்றது. அதன் சொல்லைத் தந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். மெட்டைத் தந்தவர் எலப்புள்ளியில் பிறந்தவர். இன்றைய கேரள மண்ணில் பிறந்த இருவர் சேர்ந்து தமிழுக்குச் சூட்டிய மாலை அது. பாடும் சிறுவருள் எத்தனை பேருக்கு அவ்விரு பெயர்களும் தெரியும்?

இன்று நாடாவும் இல்லை, தட்டும் அருகிவிட்டது. 2017இல், ஐயாயிரம் பழைய இந்திப் பாடல்களை உள்ளடக்கிய பெட்டி ஒன்று வானொலிப் பெட்டியின் வடிவிலேயே விற்பனைக்கு வந்தது. பின்னர்த் தமிழ்ப் பாடல்களுக்கும் அத்தகைய பெட்டி வந்தது. கைப்பேசியில் ஒரு பெயரைச் சொன்னால் திரட்டு ஒன்று நொடியில் தோன்றுகிறது. அதைத் திரட்டுவதும் பெரும்பாலும் பொறியே. பொறிக்குப் பாட்டின் நீளம் தெரியும். எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதும் தெரியும். இரண்டாவது பெயரை யாரேனும் எழுதி வைத்திருந்தாலன்றி, அதற்கு இராமமூர்த்தியைத் தெரியாது.

மாமா மறைந்த பின் அவருடைய பேழைகள் எம்மிடம் வந்தன. நாடா பூசணம் பிடித்துவிட்டது; இனி ஒலிக்காது. அட்டையில் இருக்கும் மையெழுத்து மட்டும் மங்காமல் நிற்கிறது. பெயரறியாத புலவர்க்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் சூட்டிய பழந்தமிழர் கையும், அட்டையின் ஓரத்தில் இராமமூர்த்தி என்று எழுதிய கையும் ஒரே வேலையைத்தான் செய்தன. பாட்டைக் கேட்டு மகிழும் நாம் அனைவரும், அடுத்தவர்க்கு அதனைச் சொல்லும்போது, எழுதியவர், அமைத்தவர், பாடியவர், உடன் இசைத்தவர் பெயர்களையும் சேர்த்துச் சொல்வோமாக. கடன் வாங்கி உண்ட சாப்பாட்டுக்கு நாம் செலுத்தக்கூடிய விலை அதுவே.